பலகையைப் பிடிக்க ஆள் தேடாதீர்கள்

கேள்வி: வீட்டை ஒட்டி 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் ஒரு கொட்டகை இருக்கிறது. அதை மரவேலைப் பட்டறையாக மாற்றுகிறேன். மேசை ரம்பம், இழைக்கும் இயந்திரம், துளையிடும் இயந்திரம், வேலைமேசை ஆகியவற்றை எப்படி வைத்தால் இடம் வீணாகாது? ரம்பத்தை அகலவாக்கில், வீட்டுப் பக்கக் கதவுக்கு நேராகக் காட்டியிருக்கிறேன். நீளமான சுவர் முழுவதும் மரம் அடுக்கக் கிடைக்கும். பெரிய பலகை கதவைத் தாண்டி நீளும். மனைவியைக் கூப்பிட்டால் வந்து பிடித்துக்கொள்வார். வரைபடம் இணைத்துள்ளேன்.

பதில்: படத்தைப் பார்த்தேன். எல்லா இயந்திரத்துக்கும் அளவெடுத்துக் கட்டம் போட்டிருக்கிறீர்கள். மேசை ரம்பத்தில் சுழலும் ரம்பம் நின்ற இடத்தில் நிற்கும், பலகையைத்தான் தள்ளி அறுக்கிறோம். அறுபட்டு வரும் பலகையைத் தாங்க ரம்பத்துக்குப் பின்னால் ஒரு மேசை வேண்டும். அது மட்டும் படத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைப் போகிற போக்கில் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த மேசை உங்கள் மனைவி.

கூப்பிட்டால் வருவார், சரி. எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருவார் என்று யோசித்தீர்களா? பழக்கமில்லாதவர் பலகையின் மறுமுனையைப் பிடித்தால், உதவி என்று நினைத்துத் தன் பக்கம் இழுப்பார். கனம் தாங்காமல் ஒரு பக்கம் சாய்ப்பார். உடனே அறுத்த இடைவெளி நெருங்கி ரம்பத்தைக் கவ்வும். பலகை எகிறி உங்கள் வயிற்றை நோக்கிப் பாயும். அப்போதும் பழி யார் மேல்? "ஒழுங்காகப் பிடிக்கத் தெரியவில்லை" என்று அவர் மேல்தான். இந்த வசனத்தை எத்தனையோ கடிதங்களில் படித்துவிட்டேன் தம்பி.

தொழிலில் அவருக்கும் பங்கு உண்டு என்றால் வேலையை முறையாகக் கற்றுக்கொடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பான் வாங்கிக்கொடுங்கள். வருமானத்தில் அவர் பங்கை அவர் கையில் கொடுங்கள். அவருக்கு விருப்பம் இல்லையென்றால் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். கூலி கேட்காத ஆளாக மனைவியை வைத்துப் பட்டறைக்குக் கணக்குப் போடுவது எனக்குப் பிடிக்காது.

ரம்பத்தை நீளவாக்கில் திருப்புங்கள். முழுப் பிளைவுட் பலகை 8 அடிக்கு 4 அடி. அறுப்பதற்கு முன் 8 அடி, அறுத்த பின் 8 அடி. நீங்கள் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் 20 அடிக்குள் அடங்கிவிடும். உங்கள் 12 அடியில் ஒருநாளும் அடங்காது. ரம்பத்தின் பின்னால் உறுதியான மேசை ஒன்று செய்யுங்கள். அதன் மட்டம் ரம்ப மேசையைவிட ஒரு நூல் தாழ்ந்திருக்கலாம், உயரக் கூடாது. உயர்ந்தால் பலகையின் முனை இடித்து நிற்கும். அதே மேசையில் பெட்டி, அலமாரி எல்லாம் பொருத்திச் செய்யலாம். பட்டறையில் இடத்தை மிச்சப்படுத்துவது இதுதான், நீங்கள் ஆசைப்படும் நீளச் சுவர் அல்ல. நீளும் பலகைக்கு நேரே இனி கதவும் இருக்கக் கூடாது.

மரம் கதவருகே இருக்கட்டும், நீளப் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே சுற்ற வேண்டியதில்லை. வேலைமேசை ஜன்னலோரம். இழைக்கும் இயந்திரத்துக்குப் பூட்டுள்ள சக்கரம் போட்டு, வேண்டும்போது நடுவில் இழுங்கள். துளையிடும் இயந்திரம் எந்த மூலையிலும் நிற்கும். மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் ரம்பத்துக்குக் கட்டாயம். மரத்துக்குப் பூசும் ஆளி விதை எண்ணெயைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

தூசி உறிஞ்சியை உங்கள் படத்தில் காணவில்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் 1995-இலேயே மரத்தூளைச் சேர்த்துவிட்டது. பணம் போதாதென்றால் இழைக்கும் இயந்திரத்தைத் தள்ளிப்போட்டு, அதுவரை கையால் இழையுங்கள். தூசி உறிஞ்சியைத் தள்ளிப்போடாதீர்கள். அந்தக் கதவு உங்கள் வீட்டுப் பக்கம்தானே திறக்கிறது?