டிப்ரஷன் திரும்பத் திரும்ப வந்தால் குணம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு 36 வயது. இரண்டு முறை டிப்ரஷன் வந்து, மாத்திரை, கவுன்சலிங் எல்லாம் எடுத்துச் சரியாகி, இப்போது மூன்றாவது முறை. கான்ஸ்டன்ஸ் ஹாமன் என்ற அமெரிக்க உளவியலாளர், டிப்ரஷன் உள்ளவர்கள் தங்கள் ஸ்ட்ரெஸ்ஸைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று கண்டுபிடித்ததாக ஒரு வீடியோவில் சொன்னார்கள். கூட உட்கார்ந்து பார்த்த என் கணவர், "நான் சொன்னப்ப நம்பலை, இப்ப ஆராய்ச்சியே சொல்லுது பார், எல்லாம் உன் குணம்தான்" என்கிறார். ஆன்லைனில் ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்தேன், அதிலும் மோசமாகத்தான் வந்தது. குணத்தை மாற்ற முடியுமா? 12 வயது மகளுக்கும் இது வந்துவிடுமா?

பதில்: உங்கள் கணவர் சொல்வதில் கால்வாசி உண்மை இருக்கிறது. மீதி முக்கால்வாசியை அந்த வீடியோ விட்டுவிட்டது போலிருக்கிறது, அதனால் முதலில் ஹாமன் என்னதான் செய்தார் என்று சொல்லிவிடுகிறேன்.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் வேலை பார்த்த கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அவர். அவர் இந்தத் துறைக்கு வந்த காலத்தில் ஸ்ட்ரெஸ்ஸை அளக்க ஒரு பட்டியல் வைத்திருந்தார்கள். 1967ல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் போட்டது, மொத்தம் 43 நிகழ்ச்சிகள்: துணையின் மரணத்துக்கு 100 மதிப்பெண், விவாகரத்துக்கு 73, கல்யாணத்துக்கு 50, இப்படிப் போகும். கூட்டிப் பார்த்து உங்களுக்கு எவ்வளவு ஸ்ட்ரெஸ் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு இந்த முறைமேல் என்றைக்கும் பெரிய நம்பிக்கை இல்லை. வேலை போவது கையில் சேமிப்பும் சொந்த வீடும் இருக்கிறவருக்கு ஒரு மாதிரி, தவணை கட்டிக்கொண்டிருக்கிறவருக்கு முற்றிலும் வேறு மாதிரி. லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் இந்தக் குறையைச் சரி செய்தார்கள். ஒருவரோடு உட்கார்ந்து விரிவாகப் பேசி, எது நடந்தது, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று கேட்டு எழுதி, அதை ஒரு குழுவிடம் கொடுப்பார்கள், ஆனால் அவர் எவ்வளவு அழுதார், எப்படி உடைந்துபோனார் என்பதைக் குழுவிடம் சொல்ல மாட்டார்கள். இப்படிப்பட்ட நிலையில் இருக்கும் எவருக்கும் இது எவ்வளவு பெரிய அடி என்று குழு மட்டும் தீர்மானிக்கும்.

ஹாமனும் இந்த வழியில்தான் போனார். 1991ல் வந்த அவருடைய கட்டுரையில், டிப்ரஷன் திரும்பத் திரும்ப வந்த பெண்கள், பைபோலார் (மனநிலை ஒரு சமயம் மிகையான உற்சாகத்துக்கும் ஒரு சமயம் சோர்வுக்கும் மாறும் நோய்) உள்ள பெண்கள், நீண்டகால உடல்நோய் உள்ள பெண்கள், எந்த நோயும் இல்லாத பெண்கள் என்று நான்கு குழுக்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வருடத்தில் நடந்தவற்றை இரண்டாகப் பிரித்தார். ஒன்று தலைமேல் வந்து விழுபவை: அப்பாவின் மரணம், கம்பெனி மூடப்படுவது போன்றவை. இன்னொன்று அந்த நபருக்கும் கொஞ்சமாவது பங்கு இருப்பவை: சண்டை, உறவு முறிவு, கோபத்தில் வேலையை விடுவது. விதியாக வந்தவற்றில் டிப்ரஷன் குழு மற்றவர்களைவிட அதிகம் அனுபவிக்கவில்லை. பங்கு உள்ளவற்றில்தான், அதிலும் மனிதர்களோடு வரும் மோதல்களில், அவர்கள் கணக்கு ஏறியது.

இதுதான் உங்கள் கணவர் பிடித்துக்கொண்ட பகுதி. ஆனால் அதே கட்டுரை காரணங்களாகச் சொல்வது நான்கு விஷயங்கள். நோயின் அறிகுறிகள், நடத்தை, குணாம்சங்கள், சூழல். குணம் அதில் ஒன்று. அறிகுறிகளை எடுத்துக்கொள்ளுங்கள், ராத்திரி தூக்கம் இல்லாமல், எதிலும் நாட்டம் இல்லாமல் இருக்கும் ஒருவர் போனை எடுக்காமல் விடுவார், சொன்ன வேலையை மறப்பார், சிடுசிடுப்பார், அதனால் வரும் சண்டை நோய் செய்தது. சூழல் என்பதில் வாழ்க்கைத்துணையும் அடக்கம். ஹாமன் தன் ஆய்வுகளில் இதைப் பார்த்திருக்கிறார்: டிப்ரஷன் உள்ள பெண்களின் கணவர்களுக்கும் மனநலப் பிரச்சினைகள் இருப்பது அபூர்வம் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஒரு சண்டைக்கு இரண்டு பேர் வேண்டும், அவ்வளவுதான் சொல்கிறேன், இந்த வரியை வேண்டுமானால் அவருக்கே படித்துக் காட்டுங்கள்.

சரி, குணத்துக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த சிட்னி பிளாட் என்ற உளவியலாளர், டிப்ரஷனுக்கு ஆளாகிறவர்களில் இரண்டு வகை இருப்பதாகச் சொன்னார். உறவு அறுந்துவிடுமோ என்ற பயத்திலேயே வாழ்பவர்கள் ஒரு வகை. தன்னைத்தானே ஓயாமல் குற்றம் சொல்லிக்கொள்பவர்கள் இன்னொரு வகை. இவர்களை எந்த மாதிரி நிகழ்ச்சி வீழ்த்துகிறது என்று ஹாமன் 1985ல் மாணவர்களை வைத்துப் பார்த்தபோது, முதல் வகையினரிடம் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது, அவர்களுக்கு உறவில் அடி விழுந்தால் சோர்வு வந்தது. இரண்டாம் வகையில் அவ்வளவு தெளிவாக இல்லை. குணத்தையும் நெருக்கடியையும் இணைத்துப் பார்க்கிற ஆய்வுகள் பெரும்பாலும் இப்படித்தான், அரைகுறையாகத்தான் பொருந்தும். "எல்லாம் குணம்தான்" என்று அடித்துச் சொல்ல இதில் இடம் இல்லை.

அந்த ஆன்லைன் டெஸ்ட்டைத் தூக்கிப் போடுங்கள். எல்லா டெஸ்ட்டும் பொய் என்பதால் இல்லை, நீங்கள் எடுத்த நேரம் தப்பு. 1983லேயே ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்ட் குழுவினர், டிப்ரஷனில் இருக்கும்போதும் குணமான பிறகும் அதே ஆட்களிடம் அதே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். மனவலிமை, பிறரைச் சார்ந்திருப்பது போன்றவற்றில் மதிப்பெண்கள் மாறிவிட்டன. காய்ச்சல் அடிக்கும்போது எடுத்த உடல் வெப்பத்தை "இதுதான் என் இயல்பு" என்று எழுதி வைப்போமா? சரியாகிச் சில மாதங்கள் ஆன பிறகு, தேவை என்று உங்கள் சைக்காலஜிஸ்ட் நினைத்தால் எடுக்கலாம்.

மாற்ற முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஓரளவுக்கு. பிரென்ட் ராபர்ட்ஸ் குழு 2017ல் 207 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சராசரியாக 24 வாரச் சிகிச்சையில் பெர்சனாலிட்டி அளவுகள் நகர்ந்திருந்தன, அதிகம் நகர்ந்தது எளிதில் கலங்கிப்போகும் தன்மைதான். ஆளே வேறாகிவிடுவார் என்று அர்த்தம் இல்லை. அதே சமயம் "இது என் பிறவிக் குணம், ஒன்றும் செய்ய முடியாது" என்பதும் உண்மை இல்லை.

ஹாமன் ஆய்விலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என் பார்வையில் வேறு. பிற்கால ஆய்வுகளில், டிப்ரஷன் விட்டுப்போன பிறகும் இந்த மோதல்கள் தொடர்வது தெரிந்தது. நாம் பெரும்பாலும் என்ன செய்கிறோம், மனசு லேசானதும் கவுன்சலிங்கை நிறுத்திவிடுகிறோம், மாத்திரையையும் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுகிறோம். அடுத்த சுற்றுக்கான நெருக்கடிகள் சேர்வது அந்த நல்ல காலத்தில்தான், அப்போதுதான் அதில் கை வைக்கத் தெம்பும் இருக்கும். எனவே இப்போதைக்கு சிகிச்சையை மட்டும் பாருங்கள். கொஞ்சம் தேறியதும் உங்கள் சைக்காலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து, கடந்த இரண்டு வருடத்தில் நடந்த பெரிய விஷயங்களை எழுதுங்கள், எது தானாக வந்தது, எதில் உங்களுக்குப் பங்கு என்று பிரியுங்கள். தனியாகச் செய்ய வேண்டாம், இப்போதும் செய்ய வேண்டாம், சோர்வில் இருக்கும் மனசு மழை பெய்ததைக்கூடத் தன் தப்பு என்று எழுதும். ஒரே ஆளோடு ஒரே மாதிரிச் சண்டை திரும்ப வருகிறதா, "என் மேல கோபமா, கோபமா" என்று கேட்டுக் கேட்டே எதிராளிக்குக் கோபம் வந்துவிடுகிறதா (இதைப் பற்றி ஜேம்ஸ் காய்ன் 1976லேயே எழுதினார்), வேண்டாம் என்று சொல்ல முடியாமல் எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்களா, இவைதான் தேட வேண்டியவை. உறவுச் சிக்கல்களையே மையமாக வைத்த இன்டர்பர்சனல் தெரபி என்ற முறை இருக்கிறது, கிளெர்மனும் வைஸ்மனும் உருவாக்கியது, அதில் பயிற்சி உள்ளவர் கிடைத்தால் நல்லது. கிடைக்கவில்லை என்றால் சிபிடி (எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை) தெரிந்தவரிடமும் இதைச் செய்யலாம். சில அமர்வுகளுக்குக் கணவரையும் கூட்டிப் போங்கள்.

மூன்றாவது முறை என்பதால், சரியான பிறகு எவ்வளவு காலம் மாத்திரை தொடர வேண்டும் என்று மனநல மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். மைண்ட்ஃபுல்னஸ் அடிப்படையிலான காக்னிட்டிவ் தெரபி (தியானப் பயிற்சியையும் எண்ணங்களைக் கையாளும் முறையையும் சேர்த்த சிகிச்சை) பற்றியும் கேட்கலாம். ஜான் டீஸ்டேல் குழுவின் 2000ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ டிப்ரஷன் வந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேர் 60 வாரத்துக்குள் மறுபடி விழுந்தார்கள், இதையும் சேர்த்து எடுத்தவர்களில் 37 சதவீதம்தான். இரண்டு முறை மட்டும் வந்தவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. செத்துப்போகலாமா என்ற எண்ணம் தலைகாட்டினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம், உடனடி ஆபத்து என்றால் ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள்.

கடைசியாக மகள். அம்மாவுக்கு டிப்ரஷன் இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடும் என்பது உண்மை, 1991 கட்டுரையில் வரும் பெண்களே ஹாமன் அம்மாக்களையும் பிள்ளைகளையும் சேர்த்து ஆராய்ந்த பெரிய ஆய்வில் இருந்தவர்கள்தான். பரம்பரை மட்டும் இல்லை, வீட்டுக்குள் இருக்கும் நெருக்கடியும் அதில் பங்கு வகித்தது. ஆனால் 2006ல் மிர்னா வைஸ்மன் குழு 151 அம்மா-பிள்ளை ஜோடிகளைப் பார்த்தபோது, சிகிச்சையில் மூன்று மாதத்துக்குள் அம்மா குணமான வீடுகளில் பிள்ளைகளின் மனநலப் பிரச்சினைகள் 11 சதவீதப் புள்ளிகள் குறைந்தன, குணமாகாத வீடுகளில் 8 புள்ளிகள் கூடின. அதனால் மகளுக்காக இப்போது தனியாக ஏதும் தொடங்க வேண்டியதில்லை, உங்கள் சிகிச்சையை விடாமல் இருங்கள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன், நீ எதுவும் பண்ணலை" என்று அவளிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த வயதில் டிப்ரஷன் அழுகையாக வராமல் எரிச்சலாகவும் வரும். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், சாப்பாடு, படிப்பு, தோழிகள் எல்லாமே ஒன்றாக மாறினால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.