லாவோ மொழியில் எழுத ஆசைப்படும் ஒருவருக்கு என்ன சொல்லலாம்?

கேட்டிருப்பது இது: "என்னுடன் வேலை பார்க்கும் லாவோஸ் பெண் கதை எழுத ஆசைப்படுகிறார். கையில் வெள்ளை நூல் கட்டி வாழ்த்தும் அவர்கள் ஊர்ச் சடங்கைப் பற்றி எழுதலாமா? எங்கிருந்து தொடங்கலாம்?"

தாராளமாக எழுதச் சொல்லுங்கள். லாவோஸ் தலைநகர் வியந்தியானில் சில வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். வெளியூர்க்காரருக்கு விளக்கம் சொல்வது போல எழுத வேண்டாம். 'பாசி' எனும் இந்த நூல் கட்டும் சடங்கு என்றாலே எல்லோரும் ஒரே பல்லவியைப் பாடுகிறார்கள்: உடம்பில் 32 'க்வான்' எனும் உயிர்கள் உண்டு, அவை அலையப் போய்விடும், அழைத்து வந்து நூலால் கட்டி வைப்பார்கள். சரியான தகவல்தான். ஆனால் ஆள் யாரும் இல்லாமல் கதை எப்படி வரும்?

பக்கத்து வீட்டுப் பையன் தாய்லாந்துக்கு வேலைக்குக் கிளம்பியபோது நடந்த பாசிக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நடுவில் வாழையிலையைக் கூம்பாக மடித்து, சாமந்தி செருகி, வெள்ளை நூல்கள் தொங்கவிட்ட 'பா க்வான்'. சுற்றிலும் அவித்த முட்டை, ஒட்டும் அரிசிச் சோறு, வாழைப்பழம், அரிசிச் சாராயம். சடங்கை நடத்தும் 'மோ போன்' ஒருகாலத்தில் துறவியாக இருந்த பெரியவர். பாலியும் லாவோவும் கலந்து, எதுகை தட்டாமல், க்வானை வீடு திரும்பச் சொல்லி இழுத்து இழுத்து ஓதினார். பிறகு ஒவ்வொருவராக நூல் எடுத்தார்கள். கெட்டது போக மணிக்கட்டில் வெளிப்பக்கமாக ஒரு தடவல், நல்லது வர உள்பக்கமாக ஒரு தடவல், அப்புறம் முடிச்சு. கை எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் முழங்கையைத் தொட்டுக்கொண்டார்கள். பாட்டி முறை வந்தது. நீண்ட ஆயுள், நல்ல உடம்பு, கை நிறையப் பணம் என்று வழக்கமான வாழ்த்தையெல்லாம் சொல்லி முடித்து, அதே மூச்சில், "முதலாளி சம்பளம் தரலைன்னா அன்னைக்கே கிளம்பி வந்துடுப்பா" என்றார்.

உங்கள் தோழி பிடிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியை. கட்டிய நூலை மூன்று நாளாவது கையில் வைத்திருக்க வேண்டும். அப்புறமும் கத்தரிக்காமல் அவிழ்க்க வேண்டும் என்பார்கள். இரண்டாம் நாளே நூலைக் கழற்றச் சொல்லும் ஒரு தொழிற்சாலை வாசலில் அந்தப் பையன் போய் நின்றால்? அங்கே ஒரு சிறுகதை இருக்கிறது.

எப்படி எழுதுவது என்பதற்கு லாவோ எழுத்தாளர் ஊதின் பூன்யாவோங் (1942–2000) கதைகளைப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கதையில் கிராமத்தில் வெள்ளி ஒட்டியாணம் தொலைந்துபோகிறது. ஊரே ஆளுக்கொரு சாம்பல் பொட்டலம் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. எடுத்தவர் தன் பொட்டலத்துக்குள் வைத்து, யாரென்று தெரியாமலே பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒருவர் மானத்தை ஊர் எப்படிக் காப்பாற்றுகிறது என்பதை ஒரு வரி உபதேசம் இல்லாமல் காட்டிவிடுகிறார். எனக்கு மிகவும் பிடித்த கதை.

இன்னொரு கவலை மொழி. லாவோஸ் வீடுகளில் தாய்லாந்து மொழித் தொலைக்காட்சி ஓயாது; புத்தகத்துக்கும் பலர் அந்த மொழியைத்தான் தேடிப் போகிறார்கள். அதனால் காது லாவோவில் ஊற வேண்டும். 'சங் சின்சாய்' எனும் பழைய லாவோ காவியத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். 12,000க்கும் மேற்பட்ட லாவோஸ் ஓலைச்சுவடி நூல்களின் படங்கள் 2009இல் தொடங்கிய மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'தம்' எனும் பழைய எழுத்துமுறை தெரியாவிட்டால் பெரும்பாலானவற்றைப் படிக்க முடியாது, அதைக் கற்றுக்கொள்வது வீண்போகாது.

சொந்தத்தில் மோ போன் யாராவது இருந்தால், ஏப்ரலில் பீ மாய் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகும்போது அனுமதி கேட்டு ஓதலை ஃபோனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒருவர் ஓதுவது போல இன்னொருவர் ஓதுவதில்லை. புரியாத வரிகளை அன்றைக்கே உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.