சலுகை விலைக் கடையும் சமூக ஊடகமும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: தள்ளுபடி விலை மளிகைக் கடை நடத்துகிறோம். சலுகைகளை பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுகிறோம். லைக் குவிகிறது. ஆனால் படத்தைக் காட்டிச் சரக்கு கேட்பவர்கள், இல்லையென்றதும் கோபித்துக்கொண்டு போகிறார்கள். எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் தவறு பதிவில் இருக்காது, இருப்புக் கணக்கில் இருக்கும். பதிவு போடுகிறவர் கையில் அன்றைய இருப்பு விவரம் இருந்தே ஆக வேண்டும். சாதாரண நாளில் 20 பாக்கெட் போகும் பொருளை 60 மட்டும் வைத்துக்கொண்டு மூன்று நாள் சலுகை என்று அறிவித்தால், விலை குறைந்த வேகத்தில் முதல் நாளே காலியாகிவிடும்.

அடுத்தது படம். வாடிக்கையாளர் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்புவார். நீங்கள் கீழே எழுதிய விளக்கம் கூடவே போகாது. ஆகவே பிராண்ட், எடை, பழைய விலை, புது விலை, ஒருவருக்கு எத்தனை, எந்தத் தேதி வரை, எந்தக் கிளை எல்லாமே படத்துக்குள் இருக்கட்டும். இத்தனையும் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் ஒரு படத்துக்கு ஒரு பொருள்தான். அச்சடித்த நோட்டீஸை அப்படியே போட்டோ பிடித்துப் போட்டால் கைபேசியில் எழுத்தே தெரியாது. சரக்கு முடிந்ததும் விளக்கத்தின் முதல் வரியை ‘தீர்ந்துவிட்டது, அடுத்த லோடு சனிக்கிழமை’ என்று திருத்துங்கள். பதிவை நீக்காதீர்கள், கீழே நடந்த கேள்வி பதிலும் சேர்ந்து போய்விடும்.

புதுச் சலுகைக்கு ஒரு கிழமையை நிலையாக வையுங்கள். ஆல்டி, லிடில் என்ற வெளிநாட்டுத் தள்ளுபடி விலைக் கடைகள் உணவல்லாத பொருள்களைச் சில நாளுக்கு மட்டும், வாரந்தோறும் மாற்றி மாற்றி இறக்குகின்றன. நாள் பழகிவிட்டதால் மக்களே தேடிப் பார்க்கிறார்கள். வாங்கியதைப் படமெடுத்தும் போடுகிறார்கள்.

கேள்வி: எங்களிடம் 900 வாட்ஸ்அப் எண்கள் உள்ளன. பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதி) அனுப்பினால் பாதிப் பேருக்குப் போவதில்லை. ஏன்?

பதில்: உங்கள் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே பிராட்காஸ்ட் போய்ச் சேரும். தவிர, ஒரு பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். பில் போடும் இடத்தில் க்யூஆர் கோடு ஒட்டி, ‘எண்ணைச் சேமித்துவிட்டு ஆம் என்று அனுப்புங்கள்’ என எழுதி வையுங்கள். அப்படி அனுப்பியவர்களை மட்டும் சேருங்கள். கேட்காமல் அனுப்பினால் பலர் புகார் அழுத்துவார்கள், கணக்கே முடங்கக்கூடும். குழு தொடங்க வேண்டாம், எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் சேனலில் அந்தத் தொல்லை இல்லை. வாரத்துக்கு இரண்டு செய்தி போதும்.

கேள்வி: ‘ஷேர் செய்து 5 பேரை டேக் செய்தால் பரிசு’ என்று போட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. வாடிக்கையாளர் தன் சொந்தப் பக்கத்தில் பகிர்வதைப் போட்டிக்கு நிபந்தனையாக்க பேஸ்புக் அனுமதிப்பதில்லை. லைக், ஷேர், டேக் கேட்டுத் தூண்டும் பதிவுகளைப் பின்னுக்குத் தள்ளப்போவதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்தும் விட்டது. ‘அடுத்த வாரம் எந்தப் பொருளுக்கு விலை குறைக்கலாம்?’ என்று கேளுங்கள். வரும் பதில்கள் கொள்முதலுக்கும் உதவும்.

கேள்வி: பெரிய கடைகளைப் போல நாங்களும் போட்டிக் கடையைச் சீண்டலாமா?

பதில்: 2021 ஏப்ரலில், தன் கம்பளிப்பூச்சி வடிவக் கேக்கைப் போலவே ஆல்டியும் விற்கிறது என்று மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடை நிறுவனம் பிரிட்டனில் வழக்குத் தொடுத்தபோது, ஆல்டி தன் கேக்கின் பெயரிலேயே ‘கத்பர்ட்டை விடுவி’ என்று ஹேஷ்டேக் ஓட்டியது, அது பெரிதாகப் பரவியது. ஆனால் அதற்குப் பின்னால் வழக்கறிஞர்களும் விளம்பரக் குழுவும் இருந்தார்கள். அந்த நேரத்தை, கெட்டுப்போன பாக்கெட்டைப் படமெடுத்துப் போட்டவருக்குப் பதில் சொல்லச் செலவிடுங்கள். அன்றைக்கே, எல்லோரும் பார்க்க வருத்தம் தெரிவியுங்கள்; பில் எண்ணை மட்டும் தனிச் செய்தியில் வாங்கிக்கொள்ளுங்கள்.