கேள்வி பதில்: வட கரோலைனாவின் லத்தீனோ ஆண்களும் சுகாதாரப் பணியும்

இங்குள்ள லத்தீன் அமெரிக்கக் குடியேறிகளிடையே பல ஆண்டுகளாகப் பணி செய்கிறேன். தெரிந்ததற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

தம் மக்களிடையே நலச் செய்திகளைச் சொல்லும் சமூகச் சுகாதாரப் பணியாளர்களில் பெண்களே அதிகம். ஆண்களை எப்படிக் கொண்டுவருவது? (ஒரு செவிலியர், டர்ஹாம்)

கூப்பிட்டால் வரமாட்டார்கள் அம்மா, அவர்கள் கூடும் இடத்துக்கு நாம்தான் போக வேண்டும். இங்கே கிராமப்புறத்தில் நடந்த 'ஓம்ப்ரெஸ்' (ஸ்பானிஷில் 'ஆண்கள்') திட்டம் கால்பந்து லீகைப் பிடித்தது. ஓர் அணிக்கு ஒருவர் என்று ஆட்டக்காரர்களிலிருந்தே ஆளெடுத்து, எச்ஐவி பற்றியும் பால்வினை நோய்கள் பற்றியும் பயிற்சி கொடுத்தார்கள். அவருக்கு 'நவெகாந்தே' என்று பெயர், வழிகாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் வெளியான முடிவுகளின்படி, அந்த அணிகளில் ஆணுறைப் பயன்பாடும் எச்ஐவி பரிசோதனையும் கூடியிருந்தன. ஆட்டம் முடிந்து பூட்ஸ் கழற்றும்போது தன் கோல்கீப்பரிடம் கேட்கத் துணிகிறவன், வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் வாயே திறக்கமாட்டான்.

ஓர் எச்சரிக்கை: "தாள் இருக்கிறதா?" என்று விளையாட்டாகக்கூடக் கேட்காதீர்கள். குடியுரிமை பற்றிய பேச்சு எழுந்த நிமிடமே மைதானம் காலியாகிவிடும்.

ஆண்கள் மருத்துவரிடம் வராததற்கு ஆண் என்ற வீம்புதானே காரணம்?

கொஞ்சம் உண்டு. ஆனால் கிளினிக் ஐந்து மணிக்குப் பூட்டுகிறது. இவர்களோ இருட்டும்வரை வயலில் நிற்கிறார்கள். கார் வைத்திருப்பவரும் ஒருவரோ இருவரோதான். இதற்கும் வீம்புக்கும் என்ன சம்பந்தம்?

புகையிலை வயலில் வேலை செய்பவர்களுக்கு முதலில் எதைச் சொல்லித்தருவது?

நல்ல கேள்வி. பனியில் நனைந்த இலையிலிருந்து நிகோடின் தோல் வழியாக உடலுக்குள் ஏறும். வாந்தி, தலைவலி, தலைசுற்றல் எல்லாம் வரும். மேஸ்திரி 'நேற்றுக் குடித்திருப்பான்' என்பார். கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு பூக்கிள்ளப் போகிறவர்கள் உண்டு. இலை ஈரம் மேலே படாமலிருக்கத்தான் அந்தப் பை. வெயில் ஏறினால் அதுவே அடுப்பு. ஈரச் சட்டையை உடனே மாற்று, சோப்புப் போட்டுக் கழுவு, அடிக்கடி தண்ணீர் குடி: இவ்வளவையும் மருத்துவர் சொல்வதைவிட, போன வருடம் வாந்தியெடுத்தவனே சொன்னால் கேட்பார்கள்.

ஸ்பானிஷ் துண்டறிக்கை போதுமா?

போதாது. மெக்சிகோவின் ஒஹாக்கா மாநிலத்திலிருந்து வந்தவர்களில் மிஸ்டெக்கோ, த்ரிக்கி என்ற பூர்வகுடி மொழிகளைப் பேசுகிறவர்கள் உண்டு, ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாவது மொழி. வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள்.

அவர்கள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை? (நால்வர்)

மேலே சொல்லிவிட்டேன். நால்வரும் படித்துவிட்டுக் கேளுங்கள்.

காப்பீடு இல்லாதவர் எங்கே போவது?

மத்திய அரசு நிதி பெறும் சமூகச் சுகாதார மையங்களுக்குப் போகலாம். வருமானத்துக்கு ஏற்பவே கட்டணம். அங்கே போகிறவர்களும் தாளைப் பற்றிப் பேசாதீர்கள், மறுபடியும் சொல்கிறேன்.

இந்த வழிகாட்டிகளின் சேவைக்குச் சம்பளம் கொடுத்தால் அது சேவையா? (ராலே நண்பர்)

சர்க்கரைவள்ளிக்கிழங்கு வயலில் கூலி வாளிக்கணக்கு ஐயா. ஒரு மாலை நமக்காக ஒதுக்கினால் அத்தனை வாளியும் நஷ்டம். அதை யார் ஈடுகட்டுவது?

பெண்கள் காசு வாங்காமல்தானே செய்தார்கள்? (அதே நண்பர்)

அதைப் பெருமையாகச் சொல்லாதீர்கள். அவர்களும் ஒரு நாள் கூலியை இழந்துதான் வந்தார்கள். கொடுக்காதது நம் தவறு.

அப்படியென்றால் நிதி எங்கிருந்து வரும்? (மீண்டும் அவரே)

துண்டறிக்கை அச்சடிக்க வைத்திருப்பதிலிருந்து.