வேல்ஸில் பெத்தேல், கர்மேல், நேபோ, நாசரேத் என்று ஊர்ப்பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

மிஷனரிகள் யாரும் போய் வைத்த பெயர்கள் இல்லை இவை. வேல்ஸில் பல இடங்களில் முதலில் ஒரு ஜெபக்கூடம் வந்தது, ஊர் அதைச் சுற்றி அப்புறம்தான் வளர்ந்தது. ஊருக்கென்று தனியாகப் பெயர் யோசிக்க யாரும் மெனக்கெடவில்லை; கூடத்துக்கு வைத்த பைபிள் பெயரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. கர்மேல் என்றே மூன்று ஊராவது இருக்கிறது, பெத்தேலும் அப்படித்தான்.

அங்கே பழைய ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் ‘லான்’ என்று தொடங்கும். கோயிலடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். பின்னால் பெரும்பாலும் ஒரு புனிதர் பெயர் ஒட்டியிருக்கும். ஆனால் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட வேல்ஸில் சிலேட்டுக் கல்குவாரிகள் பெரிதாகி, ஆட்கள் மலைச்சரிவுகளில் குடியேறினார்கள். ‘லான்’ கோயில்கள் எட்டத்தில் இருந்தன. தவிர, அவை இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவை, அதாவது நிலக்கிழார்கள் போகிற கோயில்கள். தொழிலாளிகள் அதை விட்டு விலகி, மெத்தடிஸ்ட், பாப்டிஸ்ட், சுயாதீனச் சபை என்று சேர்ந்து, சொந்தக் காசைப் போட்டுக் கூடங்கள் கட்டிக்கொண்டார்கள். பிரசங்கம், பாட்டு, ஞாயிறுபள்ளி எல்லாம் வெல்ஷ் மொழியில்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பெத்தஸ்டா (நம் பைபிளில் பெதஸ்தா குளம்). 1820இல் சுயாதீனச் சபையார் அங்கே அந்தப் பெயரில் ஒரு கூடம் கட்டினார்கள். அதுவே ஊர்ப்பெயர் ஆகிவிட்டது. பக்கத்திலேயே பென்ரின் கல்குவாரி. ஜமைக்காவில் அடிமைகளை வைத்து நடத்திய கரும்புத் தோட்டங்களின் சொந்தக்காரரான ரிச்சர்ட் பெனன்ட், முதல் பென்ரின் பிரபு, பெரிதாக்கிய குவாரி அது. ஊரின் கடைத்தெருவில் மதுக்கடைகள் எல்லாம் ஒரே பக்கமாக இருப்பதற்குக் காரணமும் அந்தக் குடும்பம்தான். எதிர்ப்பக்க நிலம் அவர்களுடையதாக இருந்தது, அங்கே மதுக்கடைக்கு அவர்கள் அனுமதி தரவில்லை. ஜெபக்கூடங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்தன, குடிக்கிற இடத்தை ஜமீன் முடிவு செய்தது!

1900 நவம்பரில் பென்ரின் குவாரியில் சுமார் 2,800 தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தொழிற்சங்கத்தை நிர்வாகம் ஏற்க மறுத்ததே அடிப்படைப் பிரச்சினை. மூன்று வருடம் இழுத்தது. ஊர்ப் பாடகர் குழுக்கள் வெளியூர்களுக்குப் போய்ப் பாடி நிதி திரட்டின. 1901 ஜூனில் சிலர் வேலைக்குத் திரும்பியதும், ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்று வெல்ஷில் அச்சடித்த அட்டைகள் ஜன்னல்களில் ஏறின. கருங்காலிகளோடு ஒரே கூடத்தில் உட்காரப் பலர் மறுத்தார்கள். வேலைக்குத் திரும்பியவர்களுக்கு அப்போதைய பென்ரின் பிரபு பக்கத்து ஊரான ட்ரெகார்தில் வீடு கட்டிக் கொடுத்தார்.

1903 நவம்பரில் தொழிலாளிகள் தோற்றார்கள். அதற்குள் நிறையப் பேர் பிழைப்புக்காகத் தெற்கு வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்விட்டிருந்தார்கள்.