அந்தக் கடிதத்தில் கையெழுத்து வைக்காதீர்கள்

கேள்வி: நான் அக்கராயனைச் சேர்ந்தவள், வயது 31. ஆங்கிலத்தில் உயர் தேசிய டிப்ளோமா முடித்து, ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தாய்லாந்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை என்று சொல்லி, வவுனியாவில் இருக்கும் ஒருவர் 9 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வாங்கினார். அம்மாவின் தாலிக்கொடியும் அதில்தான் போனது. 6 இலட்சத்துக்குக் “கைமாற்றாகப் பெற்றேன்” என்று எழுதித் தந்தார். மிச்சத்தைத் தன் மனைவியின் வங்கிக் கணக்கில் போடச் சொன்னார். சுற்றுலாப் பயணியாகப் போனால் பள்ளிக்கூடமே விசாவை மாற்றித் தரும் என்றார். 7 கிழமை படிப்பித்தேன், ஒரு சதமும் சம்பளம் இல்லை. என் உச்சரிப்பு பெற்றோருக்குப் பிடிக்கவில்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு இங்கிலிஷ் தெரியாததால்தான் திருப்பி அனுப்பினார்கள் என்று அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். பொலிஸில் முறைப்பாடு கொடுத்த பிறகு, ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் 4 இலட்சத்துக்குக் காசோலை தருவதாகச் சொல்கிறார். இல்லாவிட்டால் காசே வாங்காமல் மே சொட் என்ற இடத்துக்கு, இணையவழியில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலைக்கு அனுப்புகிறாராம். பள்ளிக்கூடத்தின் மீதும் இவர் மீதும் வழக்குப் போட வேண்டும், இவர் சிறைக்குப் போக வேண்டும். என்ன செய்யலாம்?

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தையும் அதோடு அனுப்பிய படங்களையும் இரண்டு தரம் பார்த்தேன். நாலு பக்கத்தில் மூன்று பக்கம் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானமும் ஊர்க் கதையும்தான். உங்கள் மனம் நொந்தது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த மூன்று பக்கமும் வழக்குக்கு உதவாது. குற்றவியல் அவதூறு 2002இலேயே சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. மிஞ்சியிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு. அதற்கு வருடக்கணக்கில் அலைய வேண்டும். அதை விடுங்கள்.

பள்ளிக்கூடத்தையும் விடுங்கள். தாய்லாந்தில் வேலை அனுமதிப்பத்திரம் இல்லாமல் வேலை செய்த வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாத் வரை தண்டம், அதோடு நாடுகடத்தல். வேலைக்கு வைத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 100,000 பாத் வரை. அங்கே முறையாகப் படிப்பிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், அவர்களுடைய ஆசிரியர் சபையின் உரிமமோ தற்காலிக அனுமதியோ வேண்டும். 7 கிழமைச் சம்பளத்துக்காக அங்கே வழக்குக்குப் போனால், அனுமதியில்லாமல் வேலை செய்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

சட்டத்துக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த 9 இலட்சத்து 50 ஆயிரமும் வெளிநாட்டு வேலைக்காகக் கொடுத்த காசு என்று உங்களால் காட்ட முடியுமா? 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாத எவரும் ஆட்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பும் தொழிலைச் செய்ய முடியாது. ‘சப் ஏஜென்ட்’ என்று ஒரு வகை அந்தச் சட்டத்தில் இல்லை. அவரிடம் அனுமதிப்பத்திரம் இல்லை என்பது உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. அதனால்தான் அந்த ஆள் ‘கைமாற்று’ என்று எழுதித் தந்தார்.

அந்தத் துண்டைப் பார்த்து ‘ஏமாந்துவிட்டேனே’ என்று அழுதிருக்கிறீர்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. வேலைக் கதையை அவர் முழுதாக மறுத்தாலும், 6 இலட்சம் வாங்கியதைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். எழுத்து இருப்பதால் வழக்குப் போட 6 வருடம் இருக்கிறது. வெறும் வாய்ப்பேச்சு என்றால் 3 வருடம்தான். ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று கடன் வழி, மற்றது பணியகத்தின் விசாரணையும் நீதவான் நீதிமன்றமும்.

இனி அவர் கையெழுத்துக் கேட்கும் கடிதம். அதில் இரண்டு வசனம்தான். “கைமாற்றாகக் கொடுத்த பணம் முழுவதையும் காசாகப் பெற்றுக்கொண்டேன். வெளிநாட்டு வேலை தொடர்பாக எனக்கும் இவருக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.” முதல் வசனம் கடன் வழியை மூடுகிறது, இரண்டாவது பணியக வழியை மூடுகிறது. இதை எழுதிக் கொடுத்தவர் சட்டம் தெரிந்தவர்.

இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டு, முள்ளியவளையிலிருந்து ஒரு தகப்பன் என்னிடம் வந்தார். மகனை அனுப்பக் கொடுத்த காசு. கடைப் பையைப் பிரித்து நாலு காசோலைகளை மேசையில் அடுக்கினார். முதலாவது 50,000 ரூபாவுக்கு, அது வங்கியில் காசாக மாறியிருந்தது. அந்த நம்பிக்கையில் பொலிஸுக்குப் போய் முறைப்பாட்டை வாபஸ் வாங்கிவிட்டார். மற்ற மூன்றும் ‘கணக்கு மூடப்பட்டது’ என்று திரும்பி வந்திருந்தன. காசில்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஒரு வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம். சரி, பிடித்துவிட்டோம் என்றுதான் நானும் நினைத்தேன். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி, ‘முழுவதையும் காசாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற கடிதத்தை நீட்டினார். முழுக்காசும் கைக்கு வந்துவிட்டது என்றால் காசோலை எந்தக் கடனுக்கு? அந்தத் தகப்பனுக்குப் பதில் இல்லை. என்னிடமும் இருக்கவில்லை. இதே போலப் பிறகும் சில பேர் வந்தார்கள். கையெழுத்து வைப்பதற்கு முதல் வந்தவர்கள் குறைவு. நீங்கள் முதலே கேட்டிருக்கிறீர்கள்.

இன்னொரு இடத்திலும் எங்கள் சனம் தடுக்கி விழுகிறது. பொலிஸில் துண்டைக் காட்டியதும், அதில் உள்ளபடி ‘கைமாற்றுக் காசு தரவில்லை’ என்று முறைப்பாட்டை எழுதிவிடுவார்கள். பிறகு பணியகத்தில் வெளிநாட்டு வேலை என்றால், எது உண்மை என்று கேட்பார்கள். உங்கள் முறைப்பாட்டின் பிரதியை எடுத்துப் பாருங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாசிப்பியுங்கள். தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘வேலைக்காக வாங்கினார், துண்டில் மட்டும் கைமாற்று என்று எழுதினார்’ என்ற நடந்த கதை அதில் இல்லாவிட்டால், மேலதிக வாக்குமூலம் கொடுங்கள். இணக்கசபைக்கு அனுப்பினால் அங்கேயும் இந்த நடந்த கதையையே சொல்லுங்கள்.

பணியகத்தில் பதியாமல் போனது உங்கள் பக்கத்துப் பிழை. ‘நீயும் மாட்டுவாய்’ என்று அவர் மிரட்டக்கூடும். நான் பார்த்த வழக்குகளில் ஏமாந்தவர்கள் சாட்சிக்கூண்டில்தான் ஏறினார்கள். அந்தப் பயத்தில் ஒதுங்கி நிற்காதீர்கள். பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது பிரதேச செயலகத்தில் இருக்கும் பணியக உத்தியோகத்தரைப் பிடியுங்கள்.

மே சொட்டுக்குப் போகவே கூடாது. அது எல்லை நகரம், மோயி ஆற்றைத் தாண்டினால் மியன்மாரின் மியாவடி. அங்குள்ள இணைய மோசடி முகாம்களில் அடைபட்டிருந்த இலங்கைப் பிள்ளைகள் 2023, 2024 காலத்தில் மீட்கப்பட்டு வந்தார்கள். அந்த முகாம்கள் தேடுவது ஆங்கிலமும் கணினியும் தெரிந்த ஆட்களைத்தான். இலவசமாக அனுப்புகிறேன் என்றால், உங்களுக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். ஆனால் அதைச் சொல்லி அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவை அழித்துவிடாதீர்கள். ஆள் அனுப்புவதுதான் இவர் தொழில் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி உங்களிடம் இல்லை.

சிறைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசையைப் பற்றி நேராகவே சொல்கிறேன். அவர் சிறைக்குப் போனால் தாலிக்கொடி மீளாது. இப்படிப்பட்டவர்களின் வீடும் வாகனமும் பெரும்பாலும் மனைவி பேரில் இருக்கும். வழக்கில் வென்ற பிறகும் காசைப் பிடுங்குவது தனிப் போராட்டம். அதனால் சமரசத்துக்குப் போங்கள். 4 இலட்சத்துக்கு அல்ல. துண்டில் மட்டுமே 6 இருக்கிறது. பணியகத்தில் முறைப்பாடு பதிவான பிறகு பேசுங்கள், அப்போது அவர் குரல் இறங்கும். 7 இலட்சம் காசாகவோ வங்கி வைப்பாகவோ வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், மிச்சத்தை விட்டுவிடுங்கள். தவணையாகத் தருவதென்றால், வழக்கு நீதவான் முன் இருக்கும்போது திறந்த நீதிமன்றில் பதியப்பட வேண்டும். கடைசித் தவணை வரும்வரை முறைப்பாடு அப்படியே இருக்கட்டும். பற்றுச்சீட்டில் அன்றன்று கைக்கு வந்த தொகையை மட்டும் எழுதுங்கள், ‘முழுவதும்’ என்ற சொல் அதில் இருக்கக்கூடாது.

வங்கியில் போட்ட 3 இலட்சத்து 50 ஆயிரத்தின் சிட்டை, விமான டிக்கெட், கடவுச்சீட்டில் தாய்லாந்து முத்திரை விழுந்த பக்கம், வகுப்பில் பிள்ளைகளோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். கைமாற்றுத் துண்டின் மூலப்பிரதியை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பிரதியைக் காட்டுங்கள். போனையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள்.