கார் சீட்டுக்குச் சாயம் பிடிக்குமா? ஒரு ஃபினிஷிங் மாஸ்டரின் பதில்கள்

ராணிப்பேட்டைப் பக்கம் தோல் ஃபினிஷிங் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். கார் சீட்டின் நிறம் மாற்றுவது பற்றி நம் வேலூர் வட்டாரத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காட்பாடி: பழைய கார் வாங்கினேன். சந்தன நிறத் தோல் சீட், ஒரே அழுக்கு. ஆம்பூரில் ஷூவுக்கு அடிக்கும் சாயம் வாங்கிக் கறுப்பாக்கிவிடலாமா மாஸ்டர்?

வேண்டாம். அதைச் செய்து பட்டவன் நான். தொழில் தெரியும் என்கிற திமிரில், டிரம்மில் போடும் சாயத்தைக் கொண்டுவந்து என் கார் சீட்டில் தேய்த்தேன். பார்க்க அருமையாக இருந்தது. அடுத்த வாரம் குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். மச்சான் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்து வந்தார். வியர்வை பட்டதும் சாயம் கிளம்பிவிட்டது. மண்டபத்து வாசலில் அவர் இறங்கியபோது வேட்டியின் பின்பக்கம் கறுப்பு. இன்றைக்கும் என் காரில் துண்டு விரித்துத்தான் உட்காருகிறார்.

டேனரியில் (தோல் பதனிடும் ஆலையில்) சாயம் உள்ளே இறங்க, ஈரத்தோலை டிரம்மில் போட்டுச் சுற்றுகிறோம். கடைசியில் ஃபார்மிக் ஆசிட் விட்டு அதைப் பிடிக்க வைக்கிறோம். பிறகு மேலே பிக்மென்ட், அதாவது பைண்டர் என்கிற பசை கலந்து மேலே படிய வைக்கும் நிறப்பொடி; அதற்கும் மேலே பாலியூரிதேன் பூச்சு. பெரும்பாலான கார் சீட்டுகள் இந்தப் பூச்சோடுதான் வருகின்றன. அதைத் தாண்டிச் சாயம் உள்ளே போகாது, மேலேயே நிற்கும். அதனால் உங்களுக்கு வேண்டியது பிக்மென்ட் கலர், சாயம் அல்ல.

வாணியம்பாடி: என் சீட் தோலா ரெக்சினா, எப்படித் தெரிந்துகொள்வது?

உறையின் ஓரத்தைப் புரட்டி அடிப்பக்கம் பாருங்கள். நூல் துணி தெரிந்தால் ரெக்சின். நார்நாராகச் சொரசொரப்பாக இருந்தால் தோல். உட்காரும் இடம் மட்டும் தோல், பக்கவாட்டு எல்லாம் ரெக்சின் என்று வரும் வண்டிகளும் உண்டு. ரெக்சினுக்கு அதற்கென்றே இருக்கும் கலரைத்தான் வாங்க வேண்டும். ரெக்சினை மெத்தென்று வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் மெல்ல மேலே கசியும். பொருந்தாத கலர் பிசுபிசுத்து உரியும்.

ஆற்காடு: கலர் அடித்து மூன்றே மாதத்தில் செதில்செதிலாக உரிகிறது அண்ணா. கலர் மட்டமா?

கலரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் துடைத்ததில்தான் தப்பு இருக்கும். டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் சிலிக்கான் பாலிஷ் சீட்டில் துளி இருந்தாலும் கலர் பிடிக்காது. முதலில் சோப்பு நீரில் தேய்த்துக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால், துணியில் அழுக்கு வருவது நிற்கும் வரை துடையுங்கள். அப்புறம் 600 நம்பர் வாட்டர் பேப்பரால் (உப்புத்தாள்) பளபளப்பு போகும் அளவுக்கு லேசாகத் தேய்த்து, தூசியைத் துடைத்து எடுங்கள். என் வேலையில் முக்கால்வாசி நேரம் இதற்கே போகும்.

கலரைத் தடிமனாக ஒரே தடவையில் அப்பாதீர்கள். உட்காரும்போது தோல் மடங்கும்; தடித்த பூச்சு அங்கேதான் வெடிக்கும். ஸ்பாஞ்சால் மெல்லிசாக நாலைந்து கோட், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் மேல்பூச்சு. அதில் பூச்சை இறுக்கி உறுதியாக்கும் கிராஸ்லிங்கர் சில துளி கலக்கச் சொல்லியிருந்தால் அளவு பார்த்துக் கலந்து, அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளுக்கு ஆகாது.

குடியாத்தம்: கறுப்பு சீட்டை வெள்ளையாக்கலாமா?

ஆகும். ஆனால் கறுப்பு மறைய நிறைய கோட் வேண்டும், கீறல் விழுந்தால் கறுப்பு எட்டிப்பார்க்கும். நான் செய்யமாட்டேன்.

சத்துவாச்சாரி: துணி சீட்டுக்கு?

கார் சீட் துணி அநேகமாக பாலியெஸ்டர். ஆலையில் அதற்குச் சாயம் ஏற்ற 130 டிகிரி சூடு வைக்கிறார்கள். வீட்டில் நடக்காது. குஷன் கடையில் கவர் தைத்துப் போடுங்கள். சீட்டில் பக்கவாட்டு ஏர்பேக் இருந்தால் தைப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த இடத்தைக் கவர் மூடக் கூடாது.

வாலாஜா: சித்திரை வெயிலில் சீக்கிரம் காயும், வாசலில் வைத்தே அடிக்கலாமா?

கூடாது. வெயிலில் சூடேறிய சீட்டில் கலர் பரவுவதற்குள் இழுத்துக்கொண்டு திட்டுத்திட்டாகும். நிழலில், காலை வேளையில் செய்யுங்கள். ஒரு நாள் யாரும் உட்காரக் கூடாது, ஒரு வாரம் ஈரத்துணி படக் கூடாது. அதன் பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் மச்சானைக் கூப்பிடலாம்.

அதே நண்பர்: சீட் பெல்ட்டையும் அதே கலரில்…

அதைத் தொடாதீர்கள். ரசாயனம் பட்டால் நாடாவின் பலம் குறையும்.